வார்டு குழு

வார்டு குழு: நகர்ப்புறக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளையும் பாதுகாப்பையும் வட்டார அளவில் ஆராயும் உள்ளாட்சி அமைப்பு. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் 243எஸ் பிரிவு, 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் இதைக் கட்டாயமாக்கியது. ஒரே வார்டுக்கான குழுவுக்கு அந்த வார்டின் கவுன்சிலரே தலைவர்.

தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2022இல் வகுக்கப்பட்டன. வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் நேரடியாகப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று நடைபெற்றன.

எரியாத தெருவிளக்கு, மூடியில்லாத மழைநீர் வடிகால், பள்ளி வாசலில் வேகத்தடை போன்றவை இங்கு எழும் கோரிக்கைகள். விளக்கு எரியும் தெருவில் பெண்கள் அச்சமின்றி நடக்கலாம் என்பதால், வசதியையும் பாதுகாப்பையும் பிரித்துப் பார்க்க இயலாது. காவல்துறை மாநில அரசின் பொறுப்பு. ஆகவே ரோந்துப் பணிக்குக் குழு வேண்டுகோள் மட்டுமே வைக்க முடியும். கூட்டங்கள் தவறாமல் கூடி, தீர்மானங்களுக்கு நிதியும் கிடைத்தால்தான் குழு பயன்தரும்.