சுவரில் தொங்கிய ஒரு தாள்

பழைய புத்தகத் தாள்களுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது இன்று வந்த நாகரிகம் அல்ல. அதற்கு ஒரு சோகமான வரலாறு உண்டு.

பிரான்சின் பொவே நகரப் பேராலயத்துக்காக 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையால் எழுதப்பட்டது ஒரு திருப்பலிப் புத்தகம். தோல் தாளில், தங்கப் பூச்சு வேலைப்பாடுகளுடன் மொத்தம் 309 தாள்கள். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட்டிடம் இருந்த அதை 1942-ல் பிலிப் டுஷ்னஸ் என்ற புத்தக வியாபாரி வாங்கினார். பிரித்து, தாள் தாளாக விற்றார். கிளீவ்லாந்து ஓவியப் பள்ளி ஆசிரியர் ஓட்டோ எகேயும் இதில் கூட்டு. முழு நூலை வாங்க வசதியில்லாதவர்களும் ஒரு தாளையாவது வைத்திருக்கலாமே என்பது எகேயின் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாள்கள் திசைக்கொன்றாகச் சிதறிவிட்டன. ஆய்வாளர் லிசா ஃபாகின் டேவிஸ் தேடித் தேடி நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அடையாளம் கண்டு, கணினியில் ஒன்றுசேர்த்திருக்கிறார். 2022-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஒரு வீட்டின் பழைய சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது, சட்டம் போட்ட தாள் ஒன்று 75 டாலருக்குப் போனது. பார்த்தால், அதுவும் இந்தப் புத்தகத்தின் தாள்!

சுவருக்கு அழகு கிடைத்தது உண்மைதான். ஆனால் அதன் முந்தைய பக்கமும் அடுத்த பக்கமும் எந்தச் சுவரில்?