மண்சுவரும் வைக்கோலும்: ஜெர்மானிய மரபில் வெப்பக்காப்பு

மண்வீடு கோடையில் குளிர்ச்சியையும் குளிர்காலத்தில் கதகதப்பையும் தரும் என்பது பரவலாக நிலவும் கருத்தாகும். இதன் முற்பாதியை நாம் ஏற்கலாம். பிற்பாதியை அவ்வாறே ஏற்பதற்கில்லை. தடித்த மண்சுவர் பகல்வெப்பத்தைத் தேக்கி இரவில் மெல்ல வெளிவிடும். வெப்பத்தைத் தேக்குவது வேறு. அது வெளியேறாமல் தடுப்பது வேறு. கனமீட்டருக்கு 2000 கிலோகிராம் எடைவரத் திமிசிட்டு இறுக்கிய சுவரின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 1.1 வாட். வைக்கோல் மிகுத்து 300 கிலோகிராமாக இலகுவாக்கிய மண்ணிலோ அது ஏறத்தாழ 0.1 வாட்டாகக் குறைகிறது. இவ்வேறுபாட்டைத் தருவது மண்ணன்று. வைக்கோல் தண்டுகளிலும் இடுக்குகளிலும் சிறைப்பட்ட காற்றேயாகும்.

ஜெர்மனியில் மரச்சட்டக வீடுகளின் இடைவெளிகளை வரிச்சு கட்டி, வைக்கோல் கலந்த சேற்றால் நிரப்புவது நெடுங்கால வழக்கம். களிமண்ணைக் கூழாகக் கரைத்து, வைக்கோலில் ஊற்றிப் பிசறி, பலகை அச்சுக்குள் இட்டு அழுத்தும் இலகுமண் முறை 1920களில் உருப்பெற்றது. பாரத்தை மரம் சுமக்க, மண் வைக்கோலைப் பிணைக்கும் பசையாகவும் தீயினின்று காக்கும் உறையாகவும் நின்றது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் கட்டடப் பொருள்கள் அரிதாயிருந்த நிலையில், மண்கட்டடத்திற்கான டின் 18951 என்னும் தரவிதி 1951இல் வெளியாயிற்று. பின்னர் மண்கட்டடம் வழக்கொழியவே, அவ்விதி மாற்றேதுமின்றி 1971இல் விலக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் எண்ணெய் நெருக்கடி மூண்டது. 1977இல் முதல் வெப்பக்காப்பு ஆணை பிறந்தது. சுவர் வெப்பத்தைக் காக்க வேண்டும் என்று சட்டம் கேட்ட வேளையில், மண்சுவருக்காகப் பேச ஏடு எதுவும் இல்லை. (ஏட்டில் இல்லாத கைத்தொழிலுக்கு அலுவலகங்களில் இடமில்லை என்பதை நாம் அறியாதவர்களல்லர்.)

இவ்விடைவெளிக்குப் பழைய வீடுகள் விலை கொடுத்தன. சேற்று நிரப்பை அகற்றிச் சிமெண்டுச் சாந்தும் ஈரம் புகாத நுரைப்பலகையும் வைத்த இடங்களில், விரிசல்வழிப் புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கியது, மரச்சட்டம் அழுகிற்று. ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் மண்ணின் இயல்பு எத்துணைப் பயனுடையது என்பது அதை இழந்த பிறகே உணரப்பட்டது. 1983இல் பிரான்ஸ் ஃபோல்ஹார்ட் வெளியிட்ட இலகுமண் கட்டடநூல் இம்முறைக்கு மீண்டும் வழிகோலியது. 1999இல் மண்கட்டட விதிகள் மறுபடியும் எழுத்துருப் பெற்றன.

எனினும் பழைய முறையை அப்படியே போற்றுதல் பொருந்தாது. ஈரத்தோடு இடப்படும் வைக்கோல்மண் உலரப் பல வாரங்கள் ஆகும். சுவர் மிகத் தடித்தால் நடுவே பூஞ்சை பற்றும். எனவேதான் இன்று முன்னரே உலர்த்திய இலகுமண் கற்களும், சுவரின் உட்புறம் மண்சாந்தில் பதிக்கும் நாணற் பலகை, மரநார்ப் பலகை ஆகியவையும் மிகுதியாகக் கையாளப்படுகின்றன.