சூரிய வெப்ப மின்நிலையங்களில் வெப்பச் சேமிப்பு

கண்ணாடிகளைக் கொண்டு வெயிலை ஓரிடத்தில் குவித்து, அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுப்பது சூரிய வெப்ப மின்நிலையம். கூரைகளில் நாம் பார்க்கும் சூரியத் தகடுகள் வெயிலை நேரே மின்சாரமாக்கிவிடும். இங்கே நடுவில் வெப்பம் என்றொரு கட்டம் இருக்கிறது. அந்த வெப்பத்தைப் பகலில் தேக்கி, இருட்டிய பிறகு எடுத்துக்கொள்வதே வெப்பச் சேமிப்பு. மேகம் மறைக்கும் நேரத்தில் டர்பைன் தடுமாறாமல் இருக்கவும், மாலையில் சில மணி நேரம் கூடுதலாக ஓட்டவும் தொடங்கிய ஏற்பாடு இது. இன்றோ இத்தகைய நிலையங்களைக் கட்டுவதே இதற்காகத்தான்.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், டாகெட் என்ற ஊரையொட்டி, 1980களில் இரண்டு முயற்சிகள் நடந்தன. 1982இல் ஓடத் தொடங்கிய ‘சோலார் ஒன்’ 10 மெகாவாட் திறனுடையது. அதன் 1,818 கண்ணாடிகள் ஒரு கோபுரத்தின் உச்சியில் வெயிலைக் குவித்து, நீரை நேரடியாக நீராவியாக்கின. மிஞ்சிய வெப்பம், கல்லும் மணலும் நிரப்பிய எண்ணெய்த் தொட்டிக்குப் போனது. கோபுரத்து நீராவி 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. எண்ணெயோ 300 டிகிரி அளவோடு நின்றது. அதனால் தொட்டியிலிருந்து திரும்ப எடுத்த நீராவியில் டர்பைன் முழுத் திறனில் ஓட முடியவில்லை. சூட்டைத் தேக்கினார்கள், ஆனால் அதன் தரத்தை இழந்தார்கள்.

இரண்டாவது, லூஸ் நிறுவனம் 1984இல் அமைத்த ‘எஸ்.இ.ஜி.எஸ். 1’ நிலையம். பரவளையக் கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் குழாயில் கனிம எண்ணெய் சூடேறி, மூன்று மணி நேரத்துக்கான இருப்பாகத் தொட்டியில் நின்றது. இந்த எண்ணெய் விலை கூடியது, தீப்பற்றக்கூடியது. லூஸ் பின்னர் கட்டிய நிலையங்கள் சேமிப்பைக் கைவிட்டு, துணைக்கு இயற்கை எரிவாயுவை வைத்துக்கொண்டன. 1999 பிப்ரவரியில் முதல் நிலையத்தின் எண்ணெய்த் தொட்டி எரிந்தழிந்தது.

விடை உப்பில் கிடைத்தது. சோடியம் நைட்ரேட் 60 பங்கு, பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கு. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படும் அதே வெடியுப்பு வகைகள்தாம். உருகிய நிலையில் இந்தக் கலவை 565 டிகிரி வரை அழுத்தம் ஏதுமின்றித் தொட்டியில் நிற்கும், தானாகத் தீப்பிடிக்காது. சோலார் ஒன்னையே மாற்றியமைத்து 1996இல் தொடங்கிய ‘சோலார் டூ’ இதை நடத்திக் காட்டியது. 290 டிகிரியில் ‘குளிர்’ தொட்டி, 565 டிகிரியில் சூட்டுத் தொட்டி. பகலில் உப்பு முதல் தொட்டியிலிருந்து கோபுரம் ஏறி, சூடாகி, இரண்டாவதில் இறங்கும். மின்சாரம் வேண்டும்போது அதைப் பம்பு வைத்து எடுத்து நீராவி உண்டாக்கிய பின் மறுபடி முதல் தொட்டியில் விடுவார்கள். 1999இல் மூடப்படுவதற்கு முன், ஒருமுறை ஏறத்தாழ ஒரு வாரம் இரவு பகல் நிற்காமல் மின்சாரம் தந்தது.

உப்புக்கும் ஒரு வம்பு உண்டு. சுமார் 240 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கி, குழாய்க்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். ஆகவே உப்பு ஓடும் ஒவ்வொரு குழாயையும் வால்வையும் மின்கம்பி சுற்றிச் சூடாக வைக்க வேண்டும்.

வணிக அளவில் இதை நிலைநாட்டியது ஸ்பெயின். கிரானடா அருகே 2008இல் முடிந்த 50 மெகாவாட் ‘அண்டசோல் 1’ நிலையம், 28,500 டன் உப்பைக் கொண்டு ஏழரை மணி நேரம் ஓடும். செவில் மாகாணத்தில் 2011இல் தொடங்கிய 20 மெகாவாட் ‘ஹேமாசோலார்’, 8,500 டன்னில் 15 மணி நேரம் ஓடும். கணக்குப் பார்த்தால், ஒரு மெகாவாட் மணிக்கு முன்னதில் 76 டன், பின்னதில் 28 டன். காரணம், ஒரு டன் உப்பு தேக்கும் வெப்பம் இரு தொட்டிகளின் சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. அண்டசோலில் வெயிலை வாங்குவது எண்ணெய். அது 390 டிகிரி அளவோடு நிற்பதால், இரு தொட்டிகளுக்கும் இடையே நூறு டிகிரிக்குள்தான் வித்தியாசம். ஹேமாசோலாரில் உப்பே கோபுரம் ஏறுவதால் வித்தியாசம் 275 டிகிரி. கோபுர வகையின் பெரும் ஆதாயம் இதுவே.

ஆனால் சூடு கூடக் கூட உலோகம் படும் பாடும் கூடுகிறது. நெவாடாவின் 110 மெகாவாட் ‘கிரெசன்ட் டியூன்ஸ்’ நிலையத்தில் 2016இல் சூட்டுத் தொட்டி கசிந்து பல மாதம் ஓட்டம் நின்றது. 2020இல் அதை நடத்திய நிறுவனம் திவாலானது. மொராக்கோவின் ‘நூர் 3’ நிலையமும் 2024இல் தொட்டிக் கசிவால் நின்றது. கண்ணாடியையும் கோபுரத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் தொட்டியைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தத் தொழில்நுட்பம் அதிகம் அடிபட்ட இடம் அதுதான்.

இந்தியாவில் ராஜஸ்தானின் நோக் என்ற இடத்தில் 2013இல் வந்த 50 மெகாவாட் நிலையத்துக்குச் சேமிப்பு கிடையாது. அதே மாநிலத்தில் அபு மலையடிவாரத்தில் பிரம்ம குமாரிகள் அமைப்பினர் கட்டிய 1 மெகாவாட் ‘இந்தியா ஒன்’ வேறு வழியில் போனது: வெயிலைக் குவிக்கும் 770 கண்ணாடி வட்டில்கள், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர்; வெப்பத்தைத் தேக்க உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, வார்ப்பிரும்புதான்.

சூரியத் தகடுகளின் விலை சரிந்ததும், பகல் மின்சாரத்துக்கான போட்டியில் வெப்ப நிலையங்கள் தோற்றுப்போயின. அவற்றுக்கு மிஞ்சியது இரவுதான். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 2021இல் திறந்த ‘செரோ டொமினடோர்’ பதினேழரை மணி நேர இருப்பு கொண்டது. துபாயில் 2023 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட ‘நூர் எனர்ஜி 1’, 700 மெகாவாட் வெப்ப நிலையங்களையும் 250 மெகாவாட் தகடுகளையும் ஒரே திட்டத்தில் சேர்த்திருக்கிறது.