கரியமில வாயுவும் கண்ணாடித் தொட்டியும்

திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம். அவ்வூரில் தறியோசை கேட்டு வளர்ந்தவன் நான். என் இளமைப் பருவத்தில் இட்லி என்பது பண்டிகை நாளின் பலகாரம். தீபாவளிக்கு முன்னாள் இரவு அன்னையார் கரைத்து வைக்கும் மாவு, விடியற்காலையில் பானையின் விளிம்பு வரை பொங்கி நிற்கும். மாவைப் பொங்க வைத்த காற்று எங்கிருந்து வந்தது என்று அந்நாளில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதுவே கரியமில வாயு. அதே வாயு, என் முதுமையில், வீட்டுத் திண்ணையிலிருந்த மீன் தொட்டியில் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அந்தப் பாடத்தின் வரலாறு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக், 1750-களில், சுண்ணாம்புக் கல் போன்ற பொருள்களில் ஒரு காற்று கட்டுண்டு கிடப்பதைக் கண்டு, அதற்கு ‘நிலைத்த காற்று’ என்று பெயரிட்டார். 1767-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார் லீட்ஸ் நகரில் குடியேறினார். அவர் வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு பீர் வடிசாலை இருந்தது. புளித்து நுரைக்கும் தொட்டிகளின்மேல் ஒரு காற்று படர்ந்து நிற்பதையும், எரியும் சுடரை அதனுள் இறக்கினால் அணைந்துவிடுவதையும் அவர் கண்டார். பிளாக் கண்ட நிலைத்த காற்றுதான் அது. அதை நீரில் கரைக்கும் முறையை 1772-இல் வெளியிட்டார். இன்று நாம் பருகும் சோடாவுக்கு அதுவே மூலம்.

அதே பிரீஸ்ட்லி 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுள்ள கண்ணாடிக் கலத்தில் ஒரு புதினாத் தளிரை வைத்தார். சில நாள் சென்றபின் அதே காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. கெட்ட காற்றைச் செடி திருத்தியது என்று அவர் மகிழ்ந்தார். ஆனால் அச்சோதனை வேறு பலருக்குச் சில வேளை கைகூடிற்று. சில வேளை பொய்த்தது.

அந்தப் புதிரை விடுவித்தவர் ஹாலந்து நாட்டு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். 1779-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தில் தங்கி, ஐந்நூறுக்கு மேற்பட்ட சோதனைகளை அவர் செய்தார். இலைகளை நீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தால் குமிழிகள் எழுந்தன. இருளில் வைத்தால் அவை நின்றன. ஒளியில் பிராணவாயுவைத் தரும் அதே செடி, இரவில் காற்றைக் கெடுக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பின்னர் 1782-இல் ஜெனீவா நகரத்து ழான் செனெபியே, காய்ச்சி ஆற்றிய நீரில் இட்ட இலை குமிழி விடுவதில்லை என்றும், நிலைத்த காற்றைக் கரைத்த நீரில் மிகுதியாக விடுகிறது என்றும் காட்டினார். மனிதர் கழித்த காற்றே செடிக்கு உணவு என்பது இவ்வாறு புலனாயிற்று.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. நம் குளங்களில் படர்ந்து கிடக்கும் ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியைக் கொண்டு ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் சோதனைகள் செய்து, 1924-இல் ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அச்செடி விடும் குமிழிகளைத் தானாகவே பதிவு செய்யும் கருவியையும் அமைத்தார். கோடைக் காலத்துச் செடி, குளிர்காலத்துச் செடியினின்று வேறுபட்டு, தன்னுள் சேர்த்து வைத்த அமிலத்தைக் கொண்டு பிழைக்கிறது என்று அவர் கண்டது வியப்புக்குரியது. கரியமில வாயு அருகும்போது ஹைட்ரில்லா தன் வேலை முறையையே மாற்றிக்கொள்கிறது என்று பிற்கால ஆராய்ச்சியாளரும் கண்டறிந்தனர்.

நீர்ச்செடிக்கு இப்பஞ்சம் ஏன்? கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. வெறுங்காற்றுப் படும் நீரில், லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே அது கரைந்திருக்கும். தொட்டியில் செடி வளர்ப்போர் அதை இருபது, முப்பது மில்லிகிராம் வரை உயர்த்த முயல்கின்றனர். பள்ளியில் ஹைட்ரில்லாவைப் புனலால் மூடிச் சோதனை காட்டிய எங்கள் ஆசிரியர், நீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைப் போட்டதும், குமிழிகள் விரைந்து எழுந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், வண்ணமீன் வாணிபத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரிலிருந்து என் பேரன் ஒரு தொட்டி வாங்கி வந்தான். செடிகள் வாடின. வாயு உருளை வாங்கப் பொருள் மிகுதியாகும். ஆகவே நாங்களே ஒரு சீசாவில் சர்க்கரையும் வெதுவெதுப்பான நீரும் சிறிது ஈஸ்டும் இட்டோம். சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாகிறது, மீதி சாராயமாகிறது. சாராயம் தொட்டிக்குள் சேராதிருக்க, இடையே நீர் நிறைந்த இன்னொரு சீசாவை வைத்து, மெல்லிய குழாய் வழியே வாயுவைச் செலுத்தினோம். பிரீஸ்ட்லியின் வடிசாலை எங்கள் திண்ணைக்கே வந்துவிட்டது! பத்து நாளில் செடிகள் தளிர்த்தன. பிற்பகல் வெயிலில் இலைதோறும் முத்துமுத்தாகக் குமிழிகள் கோத்து நின்றன.

ஒரு நாள் விடியுமுன் பேரன் என்னை எழுப்பினான். “தாத்தா, மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்குதே!” ஓடிப் பார்த்தேன். எட்டு மீன்களில் இரண்டு மிதந்துகொண்டிருந்தன. குழாயை உருவி எறிந்து, நீரில் பாதியை மாற்றி, மேற்பரப்பைக் கையால் அலைத்தோம். எஞ்சிய ஆறும் உச்சிப் பொழுதுக்குள் தெளிந்தன.

பிழை என்னுடையது. புளிக்கும் சீசாவுக்கு இரவு பகல் தெரியாது, நிறுத்தவும் இயலாது. இருளில் செடி வாயுவை உண்பதில்லை. மீனைப் போலவே பிராணவாயுவை வாங்கிக் கரியமில வாயுவை விடுகிறது. நீரில் அவ்வாயு மிகுந்தால், மீனின் குருதி தன் கழிவை வெளியேற்ற மாட்டாது, பிராணவாயுவைச் சுமக்கும் வலிமையும் குன்றுகிறது. இங்கன்ஹவுஸ் 1779-இலேயே சொன்னதை, பள்ளியில் படித்தும் நான் மறந்திருந்தேன். இப்போது மாலையானதும் குழாயின் முனையைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே தொங்கவிடுகிறோம். சீசாவை மட்டும் இறுக அடைப்பதில்லை, அடைத்தால் வெடித்துவிடும்.

பேரன் அந்த இரண்டு மீன்களையும் கிணற்றடித் துளசிமாடத்துக்கு அருகே புதைத்தான். அன்றுமுதல் அந்தி வேளையில் குழாயை எடுப்பது அவன் பொறுப்பு. நான் நினைவூட்ட வேண்டியதே இல்லை.