தினம் ஒரு பேய், தினம் ஒரு விண்கலம்

கைப்பேசி ஒன்று இருந்தால் போதும். இன்று நீங்கள் நாள்தோறும் ஒரு புதிய பேய்ப்படமோ விண்வெளிப் படமோ பார்க்கலாம். மேல்நாடுகளில் அக்டோபர் மாதம் முழுவதும் தினம் ஒரு திகில்படம் என்று 31 படங்களைப் பார்த்து முடிப்பதைச் சிலர் ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரத்தில் வசிக்கும் மாணவர் ஒருவரும் இப்போது அவ்வாறே செய்ய முடியும்.

டூரிங் டாக்கீஸ் காலம் இப்படி இருக்கவில்லை. கூடாரத்துக்கு எந்தப் படப்பெட்டி வந்ததோ அதுதான் படம். ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் கேட்டதும் கைவேலையை முடித்துக்கொண்டு ஓடி, தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்தார்கள். பேய்ப்படம் எப்போதாவது ஒருமுறைதான் வரும். வந்தால் அதன் பேச்சு ஊரில் பல நாள் ஓடும்.

தினம் ஒரு படம் பார்ப்பது நல்லதா, கெட்டதா என்று வாதாடுவது நம் நோக்கம் அன்று. பார்க்கிறவர் இரண்டு கேள்விகளைக் கையோடு கொண்டு போனால் ஒவ்வொரு படமும் ஓர் இயற்பியல் பாடமாகிவிடும் என்பதையே இங்குக் காணப்போகிறோம். பேய்ப்படம் என்றால், "இதை எப்படிக் காட்டினார்கள்?" என்று கேட்க வேண்டும். அறிவியல் கற்பனைப் படம் என்றால், "இது நடக்குமா?" என்று கேட்க வேண்டும்.

கண்ணாடியில் பிறந்த பேய்

காட்சிப் பேயின் வரலாறு திரைப்படத்தைவிட மூத்தது. 1798-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ராபர்ட்சன் என்பவர் இருட்டறையில் பேய்க் காட்சி நடத்தினார். இவர் பெல்ஜியத்தில் பிறந்தவர், இயற்பியலில் தேர்ந்தவர். கண்ணாடித் தகட்டில் வரைந்த எலும்புக்கூட்டின் உருவை, விளக்கும் வில்லையும் கொண்ட 'மாய விளக்கு' என்ற கருவியால் திரையில் வீழ்த்தினார். கருவி திரைக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதற்குச் சக்கரங்களும் இருந்தன. கருவியைத் திரையிலிருந்து பின்னுக்கு இழுத்தால் உருவம் பெரிதாகும். பார்ப்பவர் கண்ணுக்கோ பேய் தம்மை நோக்கிப் பாய்ந்து வருவதாகவே தோன்றும். மக்கள் அலறினார்கள்.

1862-இல் இலண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்ற பேராசிரியர் அடுத்த படியை எடுத்து வைத்தார். ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர் கண்ட வழியைத் திருத்தி, மேடையின் முன் பெரிய கண்ணாடித் தகடு ஒன்றைச் சாய்த்து நிறுத்தினார். வெள்ளுடை அணிந்த நடிகர் ஒருவர் மேடைக்குக் கீழே, மக்கள் காணாத பள்ளத்தில் நின்றார். அவர்மீது ஒளி பாய்ச்சியதும் கண்ணாடியில் அவருடைய பிம்பம் தெரிந்தது. மேடையிலிருந்த நாற்காலியும் மேசையும் அந்தப் பிம்பத்தின் ஊடாகத் தெரிந்தன. விளக்கை அணைத்ததும் 'ஆவி' மறைந்தது!

இந்தப் பேயை நீங்களே பலமுறை பார்த்திருக்கிறீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மகாராஜபுரம் செல்லும் இரவுப் பேருந்தில் கண்ணாடி மூடிய சன்னலோரம் அமர்ந்து வெளியே பாருங்கள். வயல்வெளியின் இருட்டில் உங்கள் முகம் மிதந்துகொண்டே கூட வரும். கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. மீதி பெரும்பாலும் ஊடுருவிச் செல்கிறது. பகலில் வெளியிலிருந்து வரும் பேரொளியில் அந்த 8 விழுக்காடு அமுங்கிவிடும். இரவில் வெளியே ஒளியில்லை. ஆகவே பிம்பம் மேலெழுகிறது. பேய் இரவில் மட்டும் தோன்றுவதற்கு இந்த ஒரு காரணமாவது நமக்குத் தெரிந்துவிட்டது.

கூடாரத்துக்கு வந்த இருட்டு

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பம்பாயில் அது காட்டப்பட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு அதைக் கொண்டு சென்றவர்களில் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த அவர், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் கட்டினார்.

அந்தக் கூடாரத்தில் நிகழ்ந்த விந்தை என்ன? பேசும் படங்களில் விநாடிக்கு 24 நிலைப்படங்கள் புரொஜெக்டரின் வில்லைக்கு முன் வந்து நிற்கின்றன. ஒரு படம் நகர்ந்து அடுத்தது வரும் நேரத்தில் சுழலும் மூடி ஒளியை மறைக்கிறது. கண் சிமிட்டல் போன்ற நடுக்கம் தெரியாதிருக்க, ஒவ்வொரு படத்தின் நடுவிலும் இன்னொரு முறை மறைக்கிறது. கணக்கிட்டால், படச்சுருள் ஓடிய காலத்தில் திரை ஏறத்தாழப் பாதி நேரம் இருண்டே இருந்தது. இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 13,500 அடி சுருள் ஓடியது. அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மக்கள் பார்த்தது வெறும் இருட்டை! அந்த இருட்டை இட்டு நிரப்பி, நிலைப்படங்களை இயக்கமாக மாற்றியது மனித மூளை. இல்லாததை இருப்பதாகக் காணும் ஆற்றல் நம் மூளைக்கு இயல்பிலேயே உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பின்னர் அது தேவைப்படும்.

பேய்கள் ஏன் வெள்ளை உடுத்துகின்றன?

படச்சுருளில் பேயை உண்டாக்க ஒளிப்பதிவாளர்கள் கண்ட வழி எளியது. முதலில் வெறும் அறையைப் படம்பிடிப்பார்கள். சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, கறுப்புத் துணியின் முன் நடிகையை நடக்கவிட்டு, அதே சுருளில் மறுபடி படம்பிடிப்பார்கள். கறுப்பிலிருந்து ஒளி வராது. எனவே சுருளின் அப்பகுதி மாறாது. வெள்ளைச் சேலையிலிருந்து வரும் ஒளி மட்டும் அறையின் படத்தின்மேல் மெல்லியதாகப் பதியும். விளைவு, சுவர் தெரியும்படி நடந்து போகும் மோகினி. வெள்ளைச் சேலைக்கு மரபில் வேறு காரணங்கள் இருக்கலாம்; ஒளிப்பதிவாளருக்கு அது பெரிய வசதி என்பது இயற்பியல் காரணம்.

இதே உத்தியின் மறுவடிவம்தான் இரட்டை வேடம். வில்லையின் வலப்பாதியை மறைத்து ஒருமுறை, இடப்பாதியை மறைத்து ஒருமுறை எடுத்தால் ஒரே நடிகர் இரு பக்கமும் நிற்பார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தம புத்திரன்' (1940) படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றபோது தமிழ் மக்கள் வியந்தார்கள். 1957-இல் வெளிவந்த 'மாயா பஜா'ரில் லட்டுகள் தாமே எழுந்து கடோற்கஜன் வாய்க்குள் பாய்ந்தன. ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. கணினி ஏதுமில்லாத காலம் அது. கறுப்புத் துணி, வில்லை, பொறுமை ஆகிய மூன்றே அக்காலத்து மந்திரங்கள். 1978-இல் விட்டலாச்சாரியாவின் 'ஜகன்மோகினி' தமிழகத்தையும் கலக்கியதென்றால், அதற்கும் அடியில் இருந்தது ஒளியின் விதிகளே.

"இது நடக்குமா?"

இனி இரண்டாம் கேள்வி. 1902-இல் பிரான்சின் மெலியே எடுத்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்' படத்தில் அறிஞர்களை ஒரு குண்டுக்குள் அடைத்துப் பீரங்கியால் நிலவுக்குச் சுடுகிறார்கள். நடக்குமா? புவியின் ஈர்ப்பை மீற விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பீரங்கிக் குழாயின் நீளம் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பவரின் எடை 20,000 மடங்குக்கு மேல் உயரும். 60 கிலோ மனிதர் 1,200 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தில் நசுங்கிப்போவார். ஆகவே பீரங்கி ஆகாது. நிமிடக் கணக்கில் படிப்படியாக வேகம் கூட்டும் ராக்கெட்தான் வழி.

1933-இல் வந்த 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' படம் எச். ஜி. வெல்சின் 1897-ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. வடை வைத்த காகிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவும்படி ஆகிறது. காகித நார்களுக்கு இடையிலிருந்த காற்றை விரட்டிவிட்டு, நாருக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெய் அங்கே நிரம்புவதே காரணம். ஆனால் உடல் முழுதும் அவ்வாறு ஆகிவிட்டால் கண்ணின் விழித்திரையும் ஒளியை உறிஞ்சாது. பிறர் கண்ணுக்குத் தெரியாதவர் தாமும் எதையும் பார்க்க முடியாத குருடராவார்!

நம் நாட்டுக்கு வருவோம். மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 1952-இல் 'காடு' என்ற படத்தைத் தந்தது. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. இந்தியக் காட்டில் மாமத யானைகள் உயிரோடிருப்பதாகக் கதை. யானைகளுக்கே மயிர்ப் போர்வை அணிவித்து மாமதங்களாக்கினார்கள். நடக்குமா? உடல் பெருக்கப் பெருக்க, எடையைவிட மேற்பரப்பு மெதுவாகவே கூடுகிறது. எனவே பெரிய விலங்குக்கு வெப்பத்தை வெளியேற்றுவது கடினம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டு யானைகள் அகன்ற காதுகளை விசிறுவதும் அதற்காகவே. அவற்றுக்கு அடர்ந்த கம்பளி போர்த்தினால் நம் வெயிலில் தாங்கா. மாமதம் பனிநாட்டு விலங்கு. கடைசி மாமதங்கள் ஆர்க்டிக் கடலின் ராங்கெல் தீவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தன.

1963 ஏப்ரலில் எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. அறிவியலில் முன்னேறியும் கலை அறியாத வேற்றுலகத்தார், தங்களுக்கு ஆடல்பாடல் கற்பிக்கத் தமிழ்ப்பெண் ஒருத்தியைப் பறக்கும் வாகனத்தில் கடத்திப் போகிறார்கள். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. விநாடிக்கு 17 கிலோமீட்டர் செல்லும் வாயேஜர்-1 கலத்தின் வேகத்தில் போனால் அவ்வளவு தொலைவைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். பாட்டு வகுப்பு அவ்வளவு தாமதமாகத்தான் தொடங்கும்.

ஆனால் அதே 1963 நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி என்ற ராக்கெட் மாலை வேளையில் கிளம்பியது. சோடிய ஆவியை மேல்வானில் தூவியது. தரையில் இருள் கவிந்துவிட்ட போதிலும் அவ்வுயரத்தில் வெயில் இருந்ததால், ஆவி செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. அதன் அசைவைக் கொண்டு மேல்வானக் காற்றை ஆராய்ந்தார்கள். மகாராஜபுரத்துக்கும் தும்பாவுக்கும் நேர்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர்தான். நூறு கிலோமீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள ஒளி, மலையும் மேகமும் மறைக்காவிட்டால், கணக்குப்படி அங்கிருந்தும் கண்ணில் பட வேண்டும். திரையில் கற்பனையாக வந்த விண்வெளி, ஏழு மாதத்தில் நம் வானத்துக்கே மெய்யாக வந்துவிட்டது. அந்த ஒளியை விவரம் தெரியாமல் கண்டவர் என்ன சொல்லியிருப்பார்? பேய் என்றோ பறக்கும் தட்டு என்றோதான் சொல்லியிருப்பார். "எப்படி?" என்று கேட்டவருக்கு மட்டுமே அது சோடியம்.

கேளாத கேள்வியின் விலை

திரைப் பேயைக் கண்டு அலறுவது இன்பம். அரங்கை விட்டு வெளியே வந்தபின்னும் அந்த நம்பிக்கை தொடர்ந்தால் அதற்கு விலை கொடுக்க நேரும். வலிப்பு நோயையும் மனநோயையும் பேய் பிடித்ததாக எண்ணி மருத்துவரிடம் போகாத குடும்பங்கள் எத்தனை! 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மூளை இல்லாத குரலைக் கேட்கலாம், இல்லாத உருவைக் காணலாம் என்பதை அறிந்த சமூகம் அவர்களுக்கு மருந்து தந்திருக்கும்; சங்கிலி பூட்டியிருக்காது. திரை இருண்டிருந்த நேரத்தை இட்டு நிரப்பியதும் இதே மூளைதானே? அது நோயுறுவதும், மருந்தால் தேறுவதும் மற்ற உறுப்புகளைப் போலவே இயல்பு.

ஆகவே, தினம் ஒரு படம் பார்க்க விரும்புகிறீர்களா? ஏழு நாள் விடுமுறையில் ஏழு படம் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒருபக்கம் "எப்படிக் காட்டினார்கள்?", மறுபக்கம் "நடக்குமா?" என்று எழுதிக்கொள்ளுங்கள். படம் முடிந்தவுடன் இருபக்கமும் நிரப்புங்கள். விடை தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் தம்பி தங்கைகள் பயந்தால், இரவில் சன்னல் கண்ணாடியின் முன் ஒரு விளக்கை ஏற்றிக் காட்டி, பெப்பரின் பேயை அவர்களுக்கு அறிமுகம் செய்யுங்கள்.

மகாராஜபுரத்திலிருந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடர் தெற்கே நீண்டு திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியை அடைகிறது. இந்திய ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எஞ்சின்களை அங்கேதான் பூட்டிவைத்து எரித்துச் சோதிக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3-ஐச் சுமந்த ராக்கெட்டுக்கும் அங்கே வேலை நடந்தது. 1902-இல் திரையில் பீரங்கியால் சுட்ட நிலவை, பீரங்கி ஏன் ஆகாது என்று கணக்குப் போட்டவர்களே எட்டினார்கள். அடுத்த கணக்கை நீங்கள் போடலாம்.