பழைய மோட்டார் வண்டியும் சொந்தப் பெயரும்

மலாய் நாட்டுத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கப்பலில் தொடங்குவர், பால்மரத்தடியில் முடிப்பர். அவர்கள் எழுதுவது பொய்யன்று. ஆயினும், அம்மரத்திலிருந்து வடிந்த பால் எங்கே போயிற்று, அதனால் உருண்டோடிய வண்டி என்றைக்கு நம் வாசலுக்கு வந்தது என்னும் கேள்விகளை நாம் போதிய அளவு கேட்டதில்லை. இன்று ஈப்போவைச் சுற்றிலும், முன்னாளில் ரப்பர்த் தோட்டங்களாயிருந்து இப்போது வீடமைப்புப் பகுதிகளாகவோ செம்பனைத் தோட்டங்களாகவோ மாறிவிட்ட இடங்களிலும், நம்மவர் வீட்டு வாசல்களில் இருபது ஆண்டு ஓடித் தேய்ந்த சிறிய கார் ஒன்று நிற்பதைக் காண்கிறோம். அதனைக் கண்டு நகைப்போரும் உளர். ஆனால் அந்தப் பழைய வண்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதனை அறிந்தவன் வண்டியை எவ்வாறு வாங்குவதென்பதையும் அறிவான். அறியாதவனோ, தன் பாட்டன் பட்ட கடனையே வேறு பெயரில் மீண்டும் படுவான்.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனைச் சார்ந்த கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கு முளைத்தவற்றின் வழிவந்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள், அந்நாளைய பேராக் ரெசிடெண்டாகிய ஹியூ லோவின் ஏற்பாட்டால் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்நாளைய மரம் என்று சொல்லப்படும் ஒன்று அவ்வூரில் இன்றும் பேணப்பட்டு வருகிறது. அக்காலத்தில் அம்மரத்தை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. தோட்டக்காரர் மனமெல்லாம் காப்பியிலும் கரும்பிலும் இருந்தது. 1888-இல் ஜான் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை உருவாக்கினார். அதே ஆண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையைப் பின்னர்க் கண்டு பரப்பினார். அதன்பின் வந்தது மோட்டார் வண்டி. 1908-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம் 'டி' வகைக் காரை விற்பனைக்கு விட்டார். 1910-இல் ஒரு பவுண்டு எடையுள்ள ரப்பரின் விலை 12 ஷில்லிங்குக்கு மேல் ஏறிற்று. காட்டை அழித்துத் தோட்டம் எழுப்பத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் கங்காணிகளால் திரட்டி அனுப்பப்பட்டனர். ஆகவே, மோட்டார் வண்டியின் நான்கு சக்கரங்களும் நம் முன்னோரின் உழைப்பின்மீது உருண்டன என்று சொல்வது மிகையாகாது.

அவ்வுழைப்பிற்கு அவர்கள் பெற்றது என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். 1914-இல் ஃபோர்டு தம் தொழிற்சாலையில், சில நிபந்தனைகளுடன், எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் அறிவித்தார். 1925-இல் அவருடைய காரின் விலை 300 டாலருக்குக் கீழே இறங்கியது. ஆகவே, அங்கே சக்கரத்தைப் பூட்டிய தொழிலாளி அறுபது நாட்களுக்கும் குறைந்த ஊதியத்தில் அக்காரை வாங்கிவிடலாம். மலாயாவிலோ, 1920-களின் இறுதியில் இந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அந்நாளைய நாணய மாற்றின்படி ஆணின் கூலி அமெரிக்கக் காசில் முப்பதைக்கூட எட்டாது. அதே கார் அவனுக்கு ஏறக்குறைய ஆயிரம் நாட்கூலி. கப்பற்கூலியும் தரகும் இதில் சேரா. உண்பதும் உடுப்பதும் இன்றி ஆயிரம் நாள் உயிர்வாழ எவனால் இயலும்? மேலும், கங்காணியிடம் வாங்கிய முன்பணமும் தோட்டத்துக் கடையில் எழுதிவைத்த கடனும் கூலியை விழுங்கக் காத்திருந்தன. கணக்குப் புத்தகம் எழுத்தறிந்தவன் கையில் இருந்தது. கைநாட்டு மட்டுமே நம்மவனுக்கு உரியதாயிருந்தது. அவன் குடியிருந்த லயமும் தோட்டத்திற்கே சொந்தம். வேலை போனால் வீடும் போகும். தன் பெயரில் ஒரு பொருளும் இல்லாமையே அன்றைய தோட்டத் தமிழனின் நிலை.

கார் கனவிலும் இல்லை. மிதிவண்டியாவது மரியாதை தந்ததா எனில், அதுவும் இல்லை. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி தன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்பது பல தோட்டங்களின் வழக்கம். தன் காசில் வாங்கிய வண்டியில் தன் காலால் மிதித்துச் செல்வதற்கும் பிறன் தயவு வேண்டியிருந்தது. 1929 டிசம்பரில் ஈப்போவில் நடந்த அகில மலாயாத் தமிழர் மாநாட்டிற்குப் பெரியார் வந்து பேசினார். அக்காலந்தொட்டு வளர்ந்த சுயமரியாதை உணர்ச்சி, கூலியை மட்டுமன்றி நிமிர்ந்து நிற்கும் உரிமையையும் கேட்கக் கற்றுக்கொடுத்தது. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு, அதிகாரிகளின் முன் மிதிவண்டியில் ஏறிச் செல்லும் உரிமையும் இடம்பெற்றது. அரசாங்கம் படையை ஏவிற்று, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். வண்டி என்பது வெறும் இரும்பும் ரப்பரும் அன்று, அதில் அமர்ந்திருப்பவனின் மதிப்பும் அதிலடங்கும் என்பதை நமக்கு இரத்தத்தால் எழுதிக் காட்டிய ஆண்டு அது.

யுத்தம் முடிந்தது, நாடும் 1957-இல் விடுதலை பெற்றது. ஆயினும் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டதால், தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் ஒரே நாளில் வீடும் வேலையும் இழந்தனர். அப்போது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் ஒரு வழி காட்டினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகைகளைத் திரட்டி, 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. பால்வெட்டியவனே தோட்டத்தின் பங்காளியானான். சிறுகச் சேர்த்துத் தன் பெயரில் வாங்குதல் என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி கற்பித்தது. அப்பாடம் நிலத்திற்கு மட்டுமன்று, நாம் வாங்கும் எப்பொருளுக்கும் பொருந்தும்.

பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடங்கொடுத்தது. செம்பனை பல இடங்களில் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடங்கொடுத்தது. தோட்டத்திலே பள்ளியும் கடையும் கோயிலும் வேலைக்களமும் கால்நடைத் தூரத்தில் இருந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறியவனுக்கோ வேலை ஒரு திசை, பள்ளி ஒரு திசை, மருத்துவமனை மற்றொரு திசை. ஆதலின் வண்டி ஆடம்பரமாயிருந்த காலம் போய் அவசியமாயிற்று. முதலில் மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வர் மழையில் நனைந்து சென்றதை நம்மில் பலர் கண்டிருப்போம். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. அந்நிறுவனம் பின்னாளில் பேராக்கின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் மாலிமிலே பெருந்தொழிற்சாலை ஒன்றை அமைத்தது. 1994-இல் பெரோடுவா நிறுவனம் 660 சிசி எஞ்சினுடன் கஞ்சில் என்னும் சிற்றுந்தை வெளியிட்டது. கஞ்சில் என்றால் மலாய் மொழியில் சருகுமான். உருவிற் சிறிதாயினும் புலியையும் முதலையையும் அறிவால் வென்றதாக மலாய்க் கதைகள் கூறும் விலங்கு அது. 2009-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும், எத்தனையோ குடும்பங்களுக்கு இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வந்த கஞ்சிலே முதன்முதலில் சொந்தமான கார். ஆயிரம் நாட்கூலியும் எட்டாத பொருள் சில மாத ஊதியத்தில் கைக்கு வந்தது. இதனை நாம் சிறுமையாகக் கருதலாகாது.

நிற்க. வந்த பொருளை வாங்கும் முறையில் நம்மவர் செய்யும் பிழைகள் மூன்று.

முதலாவது, பெருமைக்கு வாங்குதல். பழையதாகிவிட்டால் பெரிய சொகுசுக் காரும் மலிவாகத்தான் கிடைக்கும். ஆனால் அதன் வயிறு சிறுத்துவிடுவதில்லை. தீபகற்பத்தில் 1,000 சிசிக்கு மேற்படாத சொந்தக் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி. 2,500 சிசி காருக்கோ 880 வெள்ளி. பெட்ரோலும் உதிரிப் பாகங்களும் அதே விகிதத்தில் ஏறும். அண்டை வீட்டான் மெச்சவேண்டும் என்று வாங்கிய கார், டயர் மாற்றப் பணமின்றி வாசலில் கிடந்து துருப்பிடிப்பதால் எவருக்கு என்ன பெருமை?

இரண்டாவது, தன் பெயரில் இல்லாத வண்டியை வாங்குதல். இதுவே மிகக் கொடியது. 'சம்புங் பாயார்' என்று ஒரு வழக்கம் நாட்டில் பரவியிருக்கிறது. வங்கிக் கடன் தீராத காரை ஒருவன் மற்றொருவனிடம் கொடுத்து, 'எஞ்சிய தவணையை நீ கட்டு' என்கிறான். சட்டப்படி அந்தக் கார் இருவருக்கும் சொந்தமன்று. கடன் முடியும்வரை அது கடன்கொடுத்த நிறுவனத்திற்கே உரியது. அதன் சம்மதமின்றிக் கைமாற்றுவது குற்றம். கட்டியவனுக்கு உரிமைச் சான்று இல்லை. பெயருக்கு உரியவன் ஒருநாள் வந்து பறித்துக்கொண்டு போனால் கேட்பதற்கு நாதியும் இல்லை. லயத்தில் வாடகையின்றி வாழ்ந்து, தோட்டம் விற்கப்பட்ட நாளில் தெருவில் நின்ற பாட்டனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

முறைப்படி தவணையில் வாங்குவோனுக்கு 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் சில காப்புகளை அளிக்கிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறி, எழுத்துமூலம் அறிவிப்புத் தந்து 21 நாள் கழிந்தாலன்றிக் காரைக் கைப்பற்ற இயலாது. விலையில் 75 விழுக்காட்டிற்கு மேல் கட்டிவிட்டால் நீதிமன்ற ஆணையும் வேண்டும். சட்டத்தை அறியாதவன், இழுவைக்காரன் வீதியில் மிரட்டியவுடன் சாவியை நீட்டிவிடுகிறான். மிகப் பழைய வண்டிக்கு வங்கி கடன் தராது. அதனால் சிலர் ஆலோங்கின் வாசலை மிதிக்கின்றனர். கங்காணியின் கணக்குப் புத்தகம் அங்கேதான் மீண்டும் திறக்கப்படுகிறது. மாதம் 200 வெள்ளி வீதம் இரண்டாண்டு சேர்த்தால் 4,800 வெள்ளி. அத்தொகைக்குக் கிடைக்கும் எளிய வண்டியை ரொக்கம் கொடுத்து வாங்கி, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பரிசோதித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயரை மாற்றிக்கொள்பவனே உண்மையில் வாங்கியவன். மக்கள் 'கெரான்' என்று சொல்லும் உரிமைச் சான்றில் உள்ள பெயரே வண்டியின் உயிர்.

மூன்றாவது, மூடப்பழக்கம். வண்டி எண்ணின் கூட்டுத்தொகை தன் ராசிக்கு ஒத்ததா என்று ஆராய்பவன், பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதில்லை. நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சை வைத்து நசுக்குகிறான். எலுமிச்சை நசுங்குவதால் சக்கரத்திற்குப் பிடிமானம் வந்துவிடுமா? அதே நேரத்தில் குனிந்து டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள நான்கு இலக்கங்களைப் படித்தால், முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் காட்டி, அந்த டயர் என்று பிறந்தது என்பதைச் சொல்லிவிடும். ஓடாவிட்டாலும் ரப்பர் மூப்படையும் என்பதைப் பால்மரத்தோடு வாழ்ந்த இனத்திற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வாங்கும் நாளில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று முடுக்கிப் பார்த்தல் வேண்டும். முன்னரே சூடேற்றி வைத்திருந்தால் ஐயப்படுதல் வேண்டும். நீலப்புகை எழுமாயின் எஞ்சின் எண்ணெயைத் தின்கிறது என்று பொருள். கதவோரங்களிலும் அடித்தட்டிலும் ஒட்டுவேலை தெரிந்தால் அது விபத்தில் சிதைந்து மீண்டும் இணைக்கப்பட்டதாயிருக்கலாம். விரிப்பின் கீழ்ச் சேறு இருந்தால் வெள்ளத்தில் மூழ்கியதாயிருக்கலாம். ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியைத் திருப்பிவைப்பது எளிது. தேய்ந்த மிதிகட்டையையும் நைந்த இருக்கையையும் திருப்பிவைப்பது அரிது. நம்பத்தக்க மெக்கானிக் ஒருவரை உடனழைத்துச் சென்று அவர் உழைப்பிற்குக் காசு கொடுப்பது நட்டமாகாது.

வாங்கிய பின்னும் ஒரு சிறு குறிப்பேடு இருத்தல் நன்று. எண்ணெய் மாற்றிய நாள், டைமிங் பெல்ட் மாற்றிய நாள், செலவிட்ட தொகை யாவும் அதில் எழுதப்படுதல் வேண்டும். அன்று நம் கணக்கைப் பிறர் எழுதினர். நாம் கைநாட்டு வைத்தோம். இன்று நம் கணக்கை நாமே எழுதுவோம்.

இறுதியாக ஒன்று. 50 காசுக்கும் 40 காசுக்கும் இடையிலிருந்த அந்தப் பத்துக் காசு வேறுபாடு இன்றும் பல வீடுகளில் வேறு உருவில் வாழ்கிறது. கார் கணவன் பெயரில். சாவி மகன் கையில். விடியற்காலையில் பால்வெட்டிய பாட்டியின் பேத்தியோ பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். வீட்டிலுள்ள பெண்மக்களும் ஓட்டுநர் உரிமம் பெறட்டும். அடுத்த பழைய வண்டி அவர்களுள் ஒருத்தியின் பெயரில் வாங்கப்படட்டும். மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற வேலையில் எஞ்சியிருப்பது அதுவே.