நெல்லாக வந்த பங்கு, ஃபீஸாக வரும் உதவித்தொகை

நம்ம ஊரில் நடனம் கற்றுக்கொள்வதற்கு யார் பணம் கொடுத்தார்கள்? கோயில் கட்ட யார் கொடுத்தார்கள், ஏரி வெட்ட யார் கொடுத்தார்கள் என்பதற்கெல்லாம் கல்வெட்டுப் புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் பதில் இருக்கிறது. ஒரு பத்து வயதுப் பிள்ளை ஆடக் கற்றுக்கொள்ளும் ஏழெட்டு வருடங்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று தேடினால்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. சொந்தக்காரப் பெண் ஒருத்திக்காக மத்திய அரசின் கலை உதவித்தொகை விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி இது. அந்தப் பெண் கற்றுக்கொள்வது பரதநாட்டியம். நான் பிறந்த கலவையில் (ஆற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் கலவை, கலவை சாதம் இல்லை) ஆட்டம் என்றால் முதலில் ஞாபகம் வருவது கூத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விண்ணப்பத்தின் கேள்விகளே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன.

முதலில் தஞ்சாவூர். பெரிய கோயிலில் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது 1014ஐ ஒட்டிய ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் கொடுத்த கணக்கு அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று வரிசையாக ஓடும். டேட்டாபேஸ் வேலை பார்க்கும் எனக்கு அதைப் படித்தால் ஒரு தனி சந்தோஷம். எந்த ரெக்கார்டிலும் ஒரு காலம் விடுபடாமல் ஆயிரம் வருடம் நிற்கும் டேபிள். ஒரு பங்கு என்பது வருடத்துக்கு 100 கலம் நெல். நட்டுவனாருக்கு இரண்டு பங்கு.

இதே காலத்தில், ராஜேந்திர சோழன் ஆட்சியில், விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். வேதமும் இலக்கணமும் படித்த 270 இளைய மாணவர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். வேதாந்தம், வியாகரணம், மீமாம்சை படித்த 70 மூத்த மாணவர்களுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. இன்றைக்கு ஸ்டைபண்ட் என்கிறோமே, அதுவேதான்.

கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி. ஆக 100 கலம் என்பது 9,600 நாழி. 365ஆல் வகுத்தால் நாளுக்கு 26 நாழி சொச்சம். இரண்டு ஊர் அளவையும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், தஞ்சாவூரில் ஆடிய ஒரு பெண்ணின் பங்கு எண்ணாயிரத்து இளைய மாணவன் வாங்கியதைப்போல நாலு மடங்குக்கும் மேல். மூத்த மாணவன் வாங்கியதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். சோழர் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு மரியாதை இருந்ததா இல்லையா என்று இணையத்தில் அடித்துக்கொள்கிறவர்கள் இந்த வகுத்தலை ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

ஆனால் என் கேள்விக்கு முக்கியமான வித்தியாசம் தொகையில் இல்லை. எண்ணாயிரத்தில் நெல் வாங்கியவன் மாணவன். தஞ்சாவூரில் நெல் வாங்கியவள் கற்று முடித்தவள். அந்தப் பெரிய பட்டியலில் ஆடக் கற்றுக்கொண்டிருக்கும் சிறுமிக்கென்று ஒரு வரி இல்லை. அவள் எங்கே என்றால், பங்கின் நிபந்தனைக்குள் ஒளிந்திருக்கிறாள். பங்கு பெற்றவர் இறந்துபோனால் அல்லது ஊரை விட்டுப் போனால், நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியான வேறொருவரை அவர்களே தேர்ந்தெடுத்து நிறுத்த வேண்டும் என்கிறது கல்வெட்டு. பெரியம்மாவின் 100 கலத்தில்தான் அடுத்த தலைமுறை சாப்பிட்டது, அடவு பழகியது. படிப்புச் செலவு வீட்டுச் செலவுக்குள் அடங்கியது. அதைத் திருப்பி எடுக்கும் வழியாக வாரிசுப் பங்கு காத்திருந்தது. கூத்தாடுகிறவர்களுக்கும் இதே வழிதான். சாக்கைக் காணி, நட்டுவக் காணி என்று நிலமாகவே கொடுத்திருக்கிறார்கள். ராஜராஜேசுவர நாடகம் ஆடிய சாந்திக் கூத்தனுக்கு வருடம் 120 கலம் என்று இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. எல்லாமே ஆடியவருக்கு. பழகியவர் அவர் வீட்டுக்குள் இருந்தார்.

இந்த ஏற்பாட்டின் விலையையும் சொல்லிவிட வேண்டும். பங்கு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், பெண் எந்தக் குடும்பத்தில் பிறந்தாளோ அதற்குள்ளேயே கட்டப்பட்டாள். காலப்போக்கில் அந்தக் கட்டு என்ன ஆனது என்பது தெரிந்த கதை. முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த திருத்தத்தால் 1929இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. தேவதாசிகள் அனுபவித்த மானிய நிலங்களைக் கோயில் சேவை என்ற கடமையிலிருந்து பிரித்து, நிலத்தை அவர்கள் கையிலேயே விடும் சட்டம். பொட்டுக் கட்டுவதையே தடை செய்த சட்டம் 1947இல் வந்தது. நான் அந்தச் சட்டங்களின் பக்கம்தான். ஆனாலும் வரவுசெலவுக் கணக்காக மட்டும் பார்த்தால், பெண் ஆடக் கற்பதற்கு ஆயிரம் வருடமாக இருந்த ஒரே நிதி ஏற்பாடு அந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவில் முடிந்துபோனது. அந்த இடத்தில் வேறு எந்த ஏற்பாட்டையும் யாரும் வைக்கவில்லை.

பிறகு வந்தது பள்ளிக்கூடம். 1936இல் ருக்மிணி தேவி அடையாறில் தொடங்கியதுதான் பின்னாளில் கலாக்ஷேத்ரா. மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற பரம்பரை நட்டுவனார்கள் அங்கே வந்து சொல்லிக்கொடுத்தார்கள். மாணவர்கள் பெரும்பாலும் வேறு வீடுகளிலிருந்து வந்தார்கள். வீட்டுச் செலவுக்குள் கரைந்திருந்த படிப்பு அப்போதுதான் ஃபீஸ் என்ற தனி வரியாக வெளியே வந்தது. ஃபீஸ் என்று ஒன்று வந்தபிறகுதான் ஃபீஸ் கட்ட முடியாதவர் என்று ஒருவர் வருகிறார். அவருக்காக உதவித்தொகை வருகிறது. நடனத்துக்கான ஸ்காலர்ஷிப்புக்கு வயது அவ்வளவுதான். கோயில் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி மாதிரி அதை விழா மேடைகளில் பேசுகிறார்கள். அது தொடர்ச்சி அல்ல, விட்டுப்போன இடத்தில் போட்ட ஒட்டு.

இன்றைய ஒட்டுகளைப் பார்ப்போம். என்னைக் கிளப்பிவிட்ட விண்ணப்பம் சி.சி.ஆர்.டி. நடத்தும் கலைத்திறன் தேடல் உதவித்தொகை. 1982இலிருந்து நடக்கிறது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு. வருடத்துக்கு 3,600 ரூபாய், அதோடு குருவுக்குக் கட்டும் கட்டணத்தில் வருடம் 9,000 ரூபாய் வரை திருப்பித் தருவார்கள். பட்டப்படிப்பு முடியும் வரை அல்லது 20 வயது வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பெரியவர்களுக்கு, 18 முதல் 25 வரை, மாதம் 5,000 ரூபாய் என்று இரண்டு வருடத்துக்கு வேறொரு திட்டம் இருக்கிறது. மாநில அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் பரதநாட்டியமும் ஒரு பாடம். 12 வயதிலிருந்து 25 வரை மூன்று வருடப் படிப்பு, பெயருக்கு ஒரு ஆண்டுக் கட்டணம், மாணவருக்கு மாதம் 400 ரூபாய். காஞ்சிபுரத்திலும் திருவண்ணாமலையிலும் இந்தப் பள்ளிகள் உண்டு. எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி வீட்டில் காசில்லாமல் பரதம் கற்றுக்கொள்ள முடியும் என்றால் அது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் முடியும். 400 ரூபாய் அவள் பஸ்ஸுக்கும் டிபனுக்கும் போய்விடும், ஆனால் அவள் அங்கே போக முடிகிறது என்பதே அதனால்தான்.

இப்போது அதே விண்ணப்பத்தை ஒரு கூத்துக்காரர் வீட்டில் வைத்து நிரப்பிப் பாருங்கள். நான் ஊரில் ஒரு வயதான கூத்துக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். குருவுக்கு மாதக் கட்டணம் எவ்வளவு என்ற கட்டத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். ஃபீஸ் கட்டிக் கூத்துப் பழகிய ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். வாத்தியார் வீட்டில் சாப்பாடு, ராத்திரி ஜமாவோடு போய்ப் பின்பாட்டு நிற்பது, அப்புறம் சின்ன வேஷம், அப்புறம் பெண் வேஷம், குரலும் உடம்பும் தேறினால் கட்டை வேஷம். இதுதான் சிலபஸ். விடிந்ததும் ஊர்க்காரர்கள் கொடுத்ததைப் பிரிக்கும்போது பையனுக்கும் கொஞ்சம் வரும். அதற்குப் பெயரும் பங்குதான்.

அதாவது கூத்தில் இன்னமும் தஞ்சாவூர்க் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, ராஜா மட்டும் இல்லை. இங்கே கற்பதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தால் திருப்பித் தர ஒன்றுமில்லை. ஆனால் செலவு இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, இப்படிப் பல நாள். பத்து மணிக்கு மேல் தொடங்கி வெளிச்சம் வரும் வரை ஆடிவிட்டு எட்டரை மணிக்கு ஸ்கூல் பிரேயரில் நிற்க எந்தப் பையனாலும் முடியாது. விழாக் காலம் தொடங்குவதும் பரீட்சை நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். பையன் கொடுக்கும் ஃபீஸ் அவனுடைய ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. அப்படியே பள்ளியைத் தாண்டி வந்தாலும், ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஷூ கம்பெனிகளில் மாதச் சம்பளம், பி.எஃப்., வாசல் வரை வண்டி. சீசனுக்குச் சீசன் வரும் பங்கு அதோடு போட்டி போட வேண்டும்.

இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டவர்கள் ஒருவர் இருந்தார்கள். பெருங்கட்டூர் பொ. ராஜகோபால் கூத்துக் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதிலேயே பள்ளியை விட்டு அப்பாவின் குழுவில் ஆடப் போனவர். அவரும் அவர் மனைவி, நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்த ஹன்னா டி ப்ரூயின் அவர்களும் மற்ற கலைஞர்களோடு சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம். அங்கே பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள்: கூத்தும் உண்டு, வழக்கமான பள்ளிப் பாடமும் உண்டு, ஒரே வளாகத்தில், ஒரே கால அட்டவணையில். நன்கொடையாக வந்த பணம் போனது சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பள்ளிப் படிப்புக்கும். கூத்து கற்கும் பிள்ளைக்கு எதற்கு உதவி வேண்டுமோ, சரியாக அதற்கு. இன்னொன்றும் நடந்தது. பரம்பரையாக ஆண்கள் மட்டுமே ஆடிய கூத்தில் பெண் பிள்ளைகள் பயிற்சி பெற்று மேடை ஏறினார்கள். பங்கு குடும்பம் வழியாகவும் ஆண் வழியாகவும் மட்டும் இறங்கிக்கொண்டிருந்த வரை இது நடக்க வழியே இல்லை. யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது மாறினால் யார் ஆடலாம் என்பதும் மாறிவிடுகிறது. 1936இல் அடையாறில் நடந்ததும் இதுதானே, வேறு திசையில்.

குருகுலம் 2020இல் மூடப்பட்டது. பதினெட்டு வருடம். ஒரு தங்கும் பள்ளியை வருடா வருடம் நன்கொடை திரட்டி நடத்துவது எப்படிப்பட்ட வேலை என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த மாதிரி இடத்துக்கு ஒரு மாணவனுக்கு இவ்வளவு என்று நிரந்தரமாகக் கொடுக்கும் அரசுத் தலைப்பு இருந்திருந்தால், பெரிய கோயில் பங்கு மாதிரி ஒன்று இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

அப்படி நெருங்கி வரும் திட்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் உள்ளிட்ட மண்டல மையங்களின் குரு சிஷ்யத் திட்டம். குருவுக்கு மாதம் 7,500, பக்கவாத்தியக்காரருக்கு 3,750, ஒவ்வொரு சிஷ்யருக்கும் 1,500. இதில் ஃபீஸ் என்ற பேச்சே இல்லை. கற்றுக்கொள்ளும் நாட்களுக்கே பணம். தஞ்சாவூரில் நட்டுவனாருக்கும் ஆடியவருக்கும் இரண்டுக்கு ஒன்று, இங்கே குருவுக்கும் சிஷ்யருக்கும் ஐந்துக்கு ஒன்று. விகிதத்தைப் பற்றிச் சண்டை போடலாம், தப்பில்லை. ஆனால் வடிவம் சரி. குறை என்னவென்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைதான். கட்டை வேஷம் கட்ட ஒரு வருடம் போதாது.

விண்ணப்பத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் பலருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது. சி.சி.ஆர்.டி. தரும் 650 உதவித்தொகைகளில் 125, பரம்பரைக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியது. நாடகமும் அதில் ஒரு துறை. கட்டணத்தைத் திருப்பித் தரும் 9,000 கூத்துக்குப் பொருந்தாவிட்டாலும் 3,600 பொருந்தும். வருமானச் சான்றிதழ் வேண்டும், அதற்குத் தாலுகா ஆபீஸ் வரை போக வேண்டும், ராத்திரிக் கணக்கில் சம்பாதிக்கும் அப்பாவின் வருட வருமானத்தை ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும். கலவை, ஆற்காடு, செய்யாறு பக்கம் ஏழாம் எட்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வகுப்பில் பாரத விழா சமயத்தில் பின் பெஞ்சில் தூங்கி விழும் பையன் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயது வரம்பு 10 முதல் 14. படிவம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.